அட்டைக் கடனோடு வீட்டுக் கடன் கேட்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்: குடும்பமும் பணமும்

கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைப் பற்றியவை. கடன் அட்டையில் நிலுவை இருக்கும்போது வீடு வாங்க வங்கியை நாடலாமா, நாடினால் என்ன நடக்கும் என்று பலரும் கேட்டிருந்தார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அந்த ஒரு விடயத்திற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நானும் கணவரும் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறோம். மாதம் கைக்கு வரும் சம்பளம் அவருக்கு 240,000 ரூபா, எனக்கு 110,000 ரூபா. தெஹிவளையில் இரண்டு அறைகள் கொண்ட தொடர்மாடி வீடு ஒன்றை அதன் உரிமையாளர் 2 கோடி ரூபாவுக்குத் தருவதாகச் சொல்கிறார். நிலையான வைப்பில் 60 இலட்சம் ரூபா வைத்திருக்கிறோம். ஆனால் பிள்ளையின் மருத்துவச் செலவாலும் வேறு சில காரணங்களாலும் இரண்டு கடன் அட்டைகளில் மொத்தம் 9 இலட்சம் ரூபா நிலுவை சேர்ந்துவிட்டது. இரு அட்டைகளின் கடன் எல்லை 12 இலட்சம் ரூபா. குறைந்தபட்சக் கொடுப்பனவை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. அதற்கு மேல் மாதம் 50,000 ரூபா சேமிக்கவும் முடிகிறது. வைப்பை உடைத்து அட்டையைத் தீர்ப்பதா, அல்லது வைப்பை முழுவதுமாக வீட்டுக்கு வைத்துக்கொண்டு இப்போதே விண்ணப்பிப்பதா? தரகர் அவசரப்படுத்துகிறார்.
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: அட்டையில் நிலுவை இருக்கிறது என்ற ஒரே காரணத்திற்காக வங்கிகள் பொதுவாக வீட்டுக் கடனை மறுப்பதில்லை. தாங்கள் ஒரு மாதமும் தவறாமல் செலுத்தி வந்திருப்பது தங்களுக்குச் சாதகமான பதிவாகவே இருக்கும். தடை வேறோர் இடத்தில் இருக்கிறது. கைக்கு வரும் பணத்தில் எத்தனை பங்கு ஏற்கெனவே கடன்களுக்குப் போகிறது, புதிய தவணையையும் சேர்த்தால் அந்தப் பங்கு எவ்வளவாகும் என்பதே கடன் அதிகாரி முதலில் போடும் கணக்கு. எந்த அளவுவரை அனுமதிப்பது என்பது வங்கிக்கு வங்கி, வருமானத்திற்கு வருமானம் மாறும். கணக்கின் வசதிக்காக, தங்கள் வருமானத்தில் பாதி என்று வைத்துக்கொள்வோம்.

இருவரின் வருமானமும் சேர்ந்து 350,000 ரூபா என்பதால் பாதி 175,000 ரூபா. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், காலம் 20 ஆண்டுகள் என்று கொண்டால், ஒவ்வொரு 10 இலட்சம் ரூபா கடனுக்கும் மாதத் தவணை ஏறத்தாழ 11,010 ரூபா வரும். அதன்படி வேறு கடன் எதுவும் இல்லாத நிலையில் தங்களுக்கு 158 இலட்சம் ரூபா வரை கடன் கிடைக்க இடமுண்டு. இப்போது அட்டையைக் கணக்கில் சேருங்கள். குறைந்தபட்சக் கொடுப்பனவு நிலுவையின் 5 சதவீதம் என்றால், 9 இலட்சத்திற்கு அது மாதம் 45,000 ரூபா. அந்த 45,000 ரூபா கழிந்த பின், தவணைக்கு மிஞ்சுவது 130,000 ரூபா மட்டுமே. அதற்கு 118 இலட்சம் ரூபா கடன்தான் பொருந்தும். 9 இலட்சம் ரூபா அட்டைக் கடன், தாங்கள் பெறக்கூடிய வீட்டுக் கடனில் ஏறத்தாழ 40 இலட்சம் ரூபாவைக் குறைத்துவிடுகிறது. சில வங்கிகள் நிலுவையை விட்டுவிட்டு, அட்டையின் முழு எல்லையையும் தாங்கள் பயன்படுத்தக்கூடும் என்ற முன்னெச்சரிக்கையில் 12 இலட்சத்திற்கே கணக்குப் போடும். அப்போது மாதம் 60,000 ரூபா கழிந்து, கடன் 104 இலட்சத்துக்கு இறங்கும்.

வைப்பை உடைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், உடைக்கலாம் என்பதே. அதில் எனக்குத் தயக்கம் இல்லை. அட்டை வட்டி ஆண்டுக்கு 26 சதவீதம் என்றால், 9 இலட்சம் ரூபாவுக்கு ஓராண்டில் 234,000 ரூபா வட்டி ஏறுகிறது. அதே 9 இலட்சம் நிலையான வைப்பில் 8 சதவீதத்தில் இருந்தால் 72,000 ரூபா வரும். அதிலும் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கப்பட்ட பின் 64,800 ரூபாதான் மிஞ்சும். வைப்பைக் காலம் முடியுமுன் எடுத்தால் வட்டியில் ஒரு பகுதியை இழக்க நேரும். அதைச் சேர்த்துப் பார்த்தாலும் அட்டை வட்டிக்கு அது ஈடாகாது. முதிர்வுக்கு ஓரிரு வாரங்களே இருந்தால் மட்டும் காத்திருங்கள். 60 இலட்சம் முழுவதும் ஒரே வைப்பாக இருந்தால், அதைப் பிரித்துத் தேவையான பகுதியை மட்டும் எடுக்க வழியுண்டா என்று வங்கியிடம் கேளுங்கள்.

ஆனால் வைப்பிலிருந்து 9 இலட்சத்தை எடுத்த அடுத்த நாளே விண்ணப்பிக்க வேண்டாம். வீட்டின் விலை மட்டுமே செலவல்ல என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் உணர்கிறார்கள். காணி, வீடு கைமாறும்போது செலுத்தும் முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாவுக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். 2 கோடி ரூபாவுக்கு அது 799,000 ரூபா. அதற்கு மேல் நொத்தாரிசின் கட்டணம், வங்கியின் சட்டத்தரணி உறுதிகளைப் பின்னோக்கி ஆராய்ந்து தரும் அறிக்கைக்கான கட்டணம், மதிப்பீட்டாளரின் கட்டணம், ஈட்டு உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதியும் செலவு, கடன் காலத்துக்கான ஆயுள் காப்புறுதி ஆகியவை இருக்கின்றன. இவை அனைத்துக்குமாக 10 இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் ஒதுக்கி வையுங்கள். இவற்றை வங்கி வீட்டின் விலையோடு சேர்த்துக் கடனாகத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எனவே இன்றைய நிலையில் 60 இலட்சத்திலிருந்து அட்டைக்கு 9 இலட்சமும் செலவுக்கு 10 இலட்சமும் போனால், வீட்டுக்கு மிஞ்சுவது 41 இலட்சம். கடன் 159 இலட்சம் தேவைப்படும். தவணை 175,000 ரூபாவைத் தொடும். வீட்டின் பெறுமதியில் ஏறத்தாழ 80 சதவீதம் கடனாகிவிடும். இது விளிம்பில் நிற்கும் கணக்கு. மதிப்பீட்டாளர் வீட்டுக்கு 2 கோடிக்குக் குறைவாக மதிப்பிட்டால் அதுவும் நிற்காது, ஏனெனில் வங்கி தன் மதிப்பீட்டையே பார்க்கும், தாங்கள் பேசிய விலையை அல்ல.

ஆறு மாதம் காத்திருந்தால் நிலைமை மாறுகிறது. அட்டைக்குச் செலுத்தி வந்த 45,000 ரூபாவும் சேமித்து வந்த 50,000 ரூபாவும் சேர்ந்து மாதம் 95,000 ரூபா வைப்பில் விழுந்தால், ஆறு மாதத்தில் 570,000 ரூபா சேர்கிறது. அப்போது செலவு போக 46 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா கையில் இருக்கும். கடன் 153 இலட்சத்து 30 ஆயிரமாகக் குறையும்; தவணை 168,800 ரூபா அளவில், அதாவது வருமானத்தில் 48 சதவீதத்தில் நிற்கும். அதைவிட முக்கியமானது, விண்ணப்பத்தோடு வங்கி கேட்கும் ஆறு மாத வங்கிக் கூற்றுகளில் அட்டை நிலுவைக்குப் பெருந்தொகை செலுத்திய சுவடே இன்றி, ஒழுங்காகச் சேமித்த பணம் மட்டுமே தெரியும். கடன் அதிகாரியின் முன் தாங்கள் ஆயிரம் சொல்லி விளக்குவதைவிட அந்தத் தாள்கள் நன்றாகப் பேசும்.

இந்த ஆறு மாதத்தில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. அட்டைக் கூற்றில் உள்ள முழுத் தொகையையும் செலுத்திவிட்டோம், கணக்கு முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கூற்று வெளியான நாளுக்கும் தாங்கள் செலுத்திய நாளுக்கும் இடையே ஏறிய வட்டி அடுத்த கூற்றில்தான் தோன்றும். அது சில ஆயிரம் ரூபாவாகவே இருந்தாலும், செலுத்தாமல் விட்டால் தாமதக் கட்டணமும் சேர்ந்து, தவணை கடந்த கடனாகப் பதிவாகிவிடும். ஆண்டுக் கட்டணமும் இப்படியே பலரை அறியாமல் மாட்டிவிடுகிறது. பூச்சிய நிலுவை காட்டும் கூற்று வரும்வரை பாருங்கள். பின்னர் ஓர் அட்டையை முற்றாக மூடி, மூடியதற்கான கடிதத்தை எழுத்தில் பெறுங்கள். மற்றதன் எல்லையை இரண்டு இலட்சம் ரூபா அளவுக்குக் குறைக்கச் சொல்லி, சிறு தொகைக்குப் பயன்படுத்தி, மாதா மாதம் முழுவதையும் செலுத்தி வாருங்கள்.

நகையை அடகு வைத்து அட்டையைத் தீர்ப்பது பற்றித் தாங்கள் கேட்கவில்லை. ஆனால் இத்தகைய நேரத்தில் வீட்டில் யாராவது அதைச் சொல்வார்கள். அடகு வட்டி அட்டை வட்டியைவிடக் குறைவு என்பது உண்மையே. மீட்கும் நாள் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அது நல்ல வழி. தங்களிடம் வைப்புப் பணம் இருப்பதால் அது தேவையற்றது. சீட்டுக் கட்டுவதாக இருந்தால், அது எந்தப் பதிவிலும் தெரியாமல் போகலாம் என்றாலும், தங்கள் சொந்தக் கணக்கில் அதையும் ஒரு கடனாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

கடனுக்கான வட்டி மாறும் வட்டியாக இருந்தால், மேலும் இடைவெளி தேவை. பல வீட்டுக் கடன்களின் வட்டி, மத்திய வங்கி வாராவாரம் வெளியிடும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன் வழங்கல் வீதத்தோடு, அதாவது வங்கிகள் தம் முதன்மை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் கடனின் சராசரி வட்டியோடு, பிணைக்கப்பட்டிருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் இறுதியில் அந்த வீதம் 25 சதவீதத்தைக் கடந்தபோது தவணையைச் செலுத்த முடியாமல் தவித்த குடும்பங்கள் கொழும்பில் ஏராளம். அத்தகைய ஆண்டு மீண்டும் வராது என்றே கொண்டாலும், 12 சதவீதம் 15 ஆக உயர்ந்தாலே தங்கள் 168,800 ரூபா தவணை ஏறத்தாழ 201,900 ரூபாவாகும். அதைத் தாங்க முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து பேசிவிட்டு, முடியாது என்றால் முதல் சில ஆண்டுகளுக்கு நிலையான வட்டி தரும் வங்கியைத் தேடுங்கள், அல்லது விலை குறைந்த வீட்டைப் பாருங்கள்.

தரகரின் அவசரத்திற்குப் பணிய வேண்டாம். வேறோர் ஆள் முற்பணத்தோடு நிற்கிறார் என்று அவர் சொல்லக்கூடும். வங்கி எழுத்தில் இணக்கம் தெரிவிக்கும் முன் பெருந்தொகை முற்பணம் கொடுத்து, கடன் கிடைக்காமல் போனபின் அதைத் திரும்பப் பெற அலைவது மிகவும் வேதனையானது. முற்பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கடன் மறுக்கப்பட்டால் பணம் திருப்பித் தரப்படும் என்ற நிபந்தனையை விற்பனை உடன்படிக்கையில் தங்கள் சட்டத்தரணியைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். உரிமையாளர் ஆறு மாதம் காத்திருக்க மறுத்தால், இந்த வீடு போகட்டும் என்பதே என் எண்ணம். தெஹிவளையிலும் கல்கிசையிலும் விற்பனைக்கு வரும் வீடுகளுக்குக் குறைவில்லை.

கேள்வி: மைத்துனரின் முச்சக்கர வண்டி லீசிங்கிற்கு நான் பிணையாளியாகக் கையெழுத்திட்டேன். நான் ஒரு சதமும் வாங்கவில்லை. இது என் வீட்டுக் கடன் விண்ணப்பத்தைப் பாதிக்குமா?
— வாசகர், தெமட்டகொடை

பதில்: பாதிக்கலாம். தாங்கள் பிணை நின்ற கடன்களும் தங்கள் கொடுகடன் அறிக்கையில், அதாவது வங்கிகள் கேட்டுப் பெறும் தங்கள் கடன் பதிவில், இடம்பெறும். மைத்துனர் ஒழுங்காகச் செலுத்தி வந்தால், வங்கிகள் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. அவர் தவறினால், அந்தத் தவறு தங்கள் பெயருக்குக் கீழும் தெரியும். விண்ணப்பிக்கும் முன் அவரிடமிருந்து லீசிங் நிறுவனத்தின் அண்மைய கூற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குடும்பத்திற்குள் இதைக் கேட்பது சங்கடமாக இருக்கும் என்பது தெரியும். ஆனாலும் கேளுங்கள். வங்கி அதிகாரி சொல்லி அறிவதைவிட மைத்துனர் சொல்லி அறிவது நல்லது.

கேள்வி: 2022 ஆம் ஆண்டில் வேலையை இழந்து, நான்கு மாதம் கடன் அட்டைக்கு எதுவும் செலுத்த முடியவில்லை. பின்னர் வங்கியோடு பேசி, ஒரு தொகையைக் குறைத்துக்கொள்ளச் செய்து, 2023 இல் முழுவதும் தீர்த்தேன். இப்போது நிரந்தர வேலை இருக்கிறது. வீட்டுக் கடனுக்காக வேறொரு வங்கியில் கேட்டபோது, "உங்கள் பெயர் கிரிப்பில் இருக்கிறது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி எனக்கு வீடே கிடையாதா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மனம் தளர வேண்டாம். கிரிப் என்று எல்லோரும் அழைக்கும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் தகவல்களைத் திரட்டி வைத்து, கடன் வழங்கும் நிறுவனங்கள் கேட்கும்போது அளிப்பதே அதன் வேலை. தவறாமல் செலுத்துபவர் பெயரும் அங்கே இருக்கும், தவறியவர் பெயரும் இருக்கும். அது கறுப்புப் பட்டியல் அல்ல. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று அந்தப் பணியகம் முடிவு செய்வதுமில்லை. அந்த முடிவு கடன் கொடுக்கும் வங்கியினுடையது. ஆகவே "பெயர் இருக்கிறது" என்ற பதிலோடு தாங்கள் திரும்பியிருக்கத் தேவையில்லை. அறிக்கையில் எந்தப் பதிவு தடையாக இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும், இப்போதும் கேட்கலாம்.

முதல் வேலையாகத் தங்கள் சொந்த அறிக்கையைப் பெறுங்கள். ஒருவர் தன்னைப் பற்றிய அறிக்கையைக் கட்டணம் செலுத்திப் பெற உரிமையுண்டு. கையில் கிடைத்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். தீர்த்த அட்டை இன்னும் நிலுவையோடு காட்டப்படுகிறதா? தீர்க்கப்பட்டதாகக் காட்டப்பட்டால், முழுவதும் செலுத்தித் தீர்த்ததாக இருக்கிறதா, அல்லது ஒரு பகுதியை வங்கி தள்ளுபடி செய்ததாக இருக்கிறதா? தங்களுக்குத் தெரியாத கடன் ஏதாவது தங்கள் அடையாள அட்டை எண்ணின் கீழ் இருக்கிறதா? தங்கள் விடயத்தில் இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நிலுவையைக் குறைத்துத் தீர்க்கும்போது அது அன்று பெரும் ஆறுதலாக இருக்கிறது. ஆனால் வங்கி தன் ஏட்டில் அந்தக் குறைத்த தொகையை நட்டமாக எழுதியிருந்தால், அறிக்கையைப் படிக்கும் அடுத்த வங்கி அதை அப்படியே பார்க்கும்.

பதிவு தவறாக இருந்தால், பணியகம் தானாக அதைத் திருத்தாது. தகவலைக் கொடுத்த வங்கியே திருத்தி அனுப்ப வேண்டும். எனவே அந்த வங்கிக்கு, தீர்த்த பற்றுச்சீட்டு, வங்கி தந்த இணக்கக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளோடு எழுத்தில் முறையிடுங்கள். பிரதியொன்றைப் பணியகத்திற்கும் கொடுங்கள். வங்கி நியாயமான காலத்தில் பதில் தராவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். நிதியியல் ஒம்புட்ஸ்மனையும் நாடலாம்.

பதிவு சரியாகவே இருந்தால் அதை மறைக்க முயல வேண்டாம், மறைக்கவும் முடியாது. பணம் வாங்கிக்கொண்டு கிரிப் பதிவை அழித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களை அண்டவே வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதம் எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். எந்த மாதம் வேலை போயிற்று, எந்த மாதம் புதிய வேலை கிடைத்தது, எப்போது தீர்த்தீர்கள் என்பதை நியமனக் கடிதங்களோடும் பற்றுச்சீட்டோடும் காட்டுங்கள். 2022 ஐ விளக்கத் தாங்கள் வெட்கப்படத் தேவையில்லை. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 700 அடிப்படைப் புள்ளிகளால், அதாவது 7 சதவீதப் புள்ளிகளால், உயர்த்தியது. 2020 ஆகஸ்டில் 18 சதவீதமாக விதிக்கப்பட்ட கடன் அட்டை வட்டி உச்ச வரம்பும் நீக்கப்பட்டு, அட்டை வட்டி 30 சதவீதத்தைக் கடந்தது. அந்த ஆண்டில் தடுமாறியவரையும், எல்லாம் நன்றாக இருந்த ஆண்டில் கவனமின்றிச் செலுத்தாமல் விட்டவரையும் நிதானமுள்ள கடன் அதிகாரி ஒன்றாகப் பார்ப்பதில்லை.

இனி ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாறு வங்கிகளில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு வங்கியும் அறிக்கையைக் கேட்டது அறிக்கையிலேயே பதிவாகிறது. குறுகிய காலத்தில் பல விசாரணைகள் தெரிந்தால், எல்லோரும் மறுத்தவர் என்ற எண்ணம் எழும். தங்கள் சம்பளம் விழும் வங்கியின் கிளை முகாமையாளரை அறிக்கையோடு நேரில் சந்தித்து, விண்ணப்பத்திற்கு முன்பே அவருடைய கருத்தைக் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதியில் நல்ல மீதி இருந்தால், அந்த மீதியில் 75 சதவீதம் வரை பிணையாகக் காட்டும் சான்றிதழைத் தொழில் திணைக்களத்தின் மூலம் பெற்று வீடமைப்புக் கடன் கேட்கும் வழியும் இருக்கிறது. ஆனால் அந்தக் கடனைச் செலுத்தத் தவறினால் தொகை சேமலாப நிதியிலிருந்தே கழிக்கப்படும் என்பதால், ஓய்வுக்கு அதைத் தவிர வேறொன்றும் இல்லாதவர் நன்றாக யோசித்தே அதில் கை வைக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு ஏற்கெனவே வீட்டுக் கடன் இருக்கிறது, இன்னும் 15 ஆண்டுகள் உண்டு. அட்டையில் 12 இலட்சம் ரூபா சேர்ந்துவிட்டது. வீட்டுக் கடனை 12 இலட்சத்தால் கூட்டித் தருகிறோம், 12 சதவீத வட்டிதான், அட்டையை மூடிவிடலாம் என்று வங்கியில் சொல்கிறார்கள். 26 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்திற்கு இறங்குவது நல்லதுதானே?
— வாசகர், வத்தளை

பதில்: வட்டி வீதத்தை மட்டும் பார்த்தால் நல்லது. காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் அப்படியில்லை. 12 இலட்சம் ரூபாவை 12 சதவீதத்தில் 15 ஆண்டுகளுக்குச் செலுத்தினால் மாதத் தவணை 14,400 ரூபா. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் மொத்த வட்டி 13 இலட்சத்து 92 ஆயிரம் ரூபாவாகும். அதாவது பட்ட கடனைவிட வட்டி அதிகம். அதே 12 இலட்சத்தை 26 சதவீத வட்டியிலேயே வைத்து, இறுக்கிப் பிடித்து இரண்டு ஆண்டுகளில் மாதம் 64,650 ரூபாவாகச் செலுத்தி முடித்தால் மொத்த வட்டி ஏறத்தாழ 3 இலட்சத்து 52 ஆயிரம் ரூபாதான். சாப்பிட்ட உணவுக்கும் வாங்கிய உடுப்புக்கும் 15 ஆண்டுகள் தவணை கட்டுவதில் நியாயமில்லை.

அதைவிடப் பெரிய வேறுபாடு பிணையில் இருக்கிறது. அட்டைக் கடனுக்குப் பின்னால் தங்கள் வீடு இல்லை. அதைச் செலுத்தத் தவறினால் அழைப்புகள் வரும், வழக்கு வரும், அறிக்கை கெடும்; ஆனால் அந்தக் கடனுக்காக வங்கி வீட்டை நேரடியாக ஏலத்தில் விட முடியாது. வீட்டுக் கடனோடு அதைச் சேர்த்த கணத்திலிருந்து அதற்கும் வீடே ஈடு. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், பராட்டே சட்டம் என்று பலரும் குறிப்பிடுவது, ஈடு வைக்கப்பட்ட சொத்தை வழக்குத் தொடுக்காமலே, பணிப்பாளர் சபையின் தீர்மானத்தின் மூலம் ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளிக்கிறது. அதற்கு வரையறைகளும் விலக்குகளும் உண்டு என்றாலும், அட்டைச் செலவை அந்த வட்டத்திற்குள் தாமாகவே கொண்டுபோய் வைக்க வேண்டிய அவசியம் என்ன என்று யோசியுங்கள்.

ஆனால் மாதம் 64,650 ரூபா தங்களால் முடியவே முடியாது என்றால், குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தி ஆண்டுக்கணக்கில் 26 சதவீதத்தில் கிடப்பதும் அழிவே. அப்படியானால் முதலில் அட்டை வங்கியிடமே, நிலுவையைக் குறைந்த வட்டியில் நிலையான தவணைகளாக மாற்றித் தரக் கேளுங்கள். மற்றொரு வங்கிக்கு நிலுவையை மாற்றும் திட்டங்களும் உண்டு. வட்டி இல்லை என்று சொல்லப்படும் இடத்தில் செயற்பாட்டுக் கட்டணம் எவ்வளவு, சலுகைக் காலம் முடிந்ததும் வட்டி எவ்வளவு என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் கைகூடாவிட்டால் வீட்டுக் கடனைக் கூட்டலாம். ஆனால் கூட்டும் 12 இலட்சத்தைத் தனிக் கடனாக, மூன்று ஆண்டுக் காலத்திற்கு எழுதச் சொல்லுங்கள். தவணை ஏறத்தாழ 39,850 ரூபா, மொத்த வட்டி 2 இலட்சத்து 35 ஆயிரம் ரூபா அளவில் நிற்கும். 15 ஆண்டுக் கடனோடு கலந்து எழுத மட்டும் இணங்காதீர்கள்.

எந்த வழியில் தீர்த்தாலும் அட்டையைப் பயன்படுத்துவதை அதே நாளில் நிறுத்தி, பூச்சிய நிலுவை காட்டும் கூற்று வந்ததும் மூடிவிடுங்கள். நிலுவை வேறிடத்துக்குப் போனதும் 12 இலட்ச எல்லை வெறுமையாகத் தெரியும். அடுத்த பண்டிகைக்குள் அது மீண்டும் நிரம்பத் தொடங்கினால், கூட்டிய வீட்டுக் கடனும் புதிய அட்டைக் கடனும் என இரண்டு சுமைகள் ஆகிவிடும். இப்படி இரட்டைச் சுமையில் சிக்கியவர்களின் கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன.

கேள்வி: அட்டைக் கடன் என் பெயரில் இருக்கிறது. கணவர் தன் பெயரில் மட்டும் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தால் என் கடன் கணக்கில் வராமல் தப்பலாமா?
— வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: அட்டை முற்றிலும் தங்கள் பெயரில் இருந்தால், அது அவருடைய அறிக்கையில் வராது. அவருடைய அட்டைக்குத் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட இணைப்பு அட்டை என்றால், அந்தக் கடன் சட்டப்படி அவருடையதே; அது அவருடைய அறிக்கையில்தான் இருக்கும். இதை முதலில் உறுதி செய்யுங்கள். அவர் தனியாக விண்ணப்பித்தால் தங்கள் வருமானமும் கணக்கில் சேராது என்பதால், கிடைக்கும் கடன் குறையலாம். உறுதி இருவர் பெயரிலும் எழுதப்படுவதாக இருந்தால், ஈட்டு உறுதியில் தங்கள் கையெழுத்தும் தேவைப்படும். அப்போது வங்கி தங்கள் அறிக்கையையும் கேட்கக்கூடும். விண்ணப்பப் படிவத்தில் துணையின் கடன்களைப் பற்றிய கேள்வி இருந்தால், உண்மையையே எழுதுங்கள். தவறான தகவல் பின்னர் தெரியவந்தால் அனுமதித்த கடனையும் வங்கி நிறுத்திவிடலாம். தவணை வெளியேறப்போவது வீட்டுக்கு வரும் ஒரே பணத்திலிருந்துதான். ஆகவே விண்ணப்பம் யார் பெயரில் இருந்தாலும், தங்கள் அட்டைக்குப் போகும் தொகையைக் கழித்த பின் வீட்டுத் தவணைக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கணவரோடு சேர்ந்து இருவரின் சம்பளப் பட்டியல்களையும் வைத்துக் கணக்கிட்டுவிட்டு, அதன் பிறகே வங்கிக்குச் செல்லுங்கள்.